வேலியை மதிலாக்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று வெளியே இருந்துகொண்டும், ஊரில் ஒரு வளவு வைத்திருக்கிற காணிக்காரர்களுக்கு இந்த மடல்.

ஊரில் கிடுகு வேலிகள் ஒவ்வொன்றாகப் போய் மதில்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அதை நினைத்து ஏங்க இந்த மடலை எழுதவில்லை. கிடுகு பின்ன ஆளில்லை, வேலி அடைக்கக் கூலிக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு, வருசாவருசம் அதே செலவு. வெளிநாட்டில் இருப்பவருக்கோ வேலியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவரும் இல்லை. மதில் கட்டுவது நியாயமான முடிவுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அத்திவாரம் வெட்டுவதற்கு முதல் பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு நில அளவையாளரை வைத்து எல்லையை அளந்து, எழுத்தில் வைத்துவிடுங்கள். பெருந்தன்மையாக நடந்துகொள்ளுங்கள் என்று புத்தி சொல்வதாக எண்ண வேண்டாம். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் உறுதியைக் காட்டிலும் வேலிக்கு அங்கால் இருக்கிறவர்தான் உங்கள் எல்லைக்குப் பலமான சாட்சி. அந்தச் சாட்சியைப் பகைத்துக்கொண்டு எல்லையை நிறுவப் போகிறவர், எவ்வளவு செலவழித்தாலும் அரைகுறையாகத்தான் நிறுவுவார்.

முதலில் வேலி எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். நீங்கள் மதில் எழுப்பப் போவது இன்று வேலி நிற்கிற இடத்தில்தானே. எங்களுடையது உயிர்வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிந்திய காலத்தில் சீமைக்கிளுவை என்று கதியால் நட்டு, வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவது வழக்கம். மாரி தொடங்கும்போது போட்ட கதியால் அந்த ஈரத்திலேயே வேர்விட்டுவிடும். ஒரு கதியால் பட்டுப்போனால் அதன் பக்கத்தில் புதியதை நடுவார்கள். பட்ட கட்டையின் வேர் கிடக்கிற குழிக்குள்ளேயே அலவாங்கு போடுவது கஷ்டம். கொஞ்சம் தள்ளித்தான் குத்துவார்கள். தள்ளியது எந்தப் பக்கம் என்பதில்தான் விசயம் இருக்கிறது. தெரிந்துகொண்டே தள்ளுகிறவர்களும் உண்டு. புதுக் கதியாலை அயலவர் பக்கமாக நட்டு, அது தழைத்ததும் பழையதைத் தறித்துக் கட்டையையும் கிளப்பிவிட்டால், சில மாரி போனதும் வேலி ஒரு சாண் அரக்கியிருக்கும். ஆனால் எல்லா நகர்வுக்கும் கள்ளம் காரணமில்லை. நாட்பட்ட பூவரசு அடிமரம் ஓரடி விட்டத்துக்குப் பருத்துவிடும். எல்லை அதன் உட்பக்கத்தாலா, நடுவாலா, வெளிப்பக்கத்தாலா என்பது நட்டவருக்குத்தான் தெரியும். அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். 100 அடி நீள வேலியில் 1 அடி என்றால் 100 சதுர அடி. எங்கள் கணக்கில் ஒரு குழியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு வீட்டாரும் மனச்சுத்தமாக இருந்தாலும் இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும்.

வேலியாக இருந்தவரை இதைத் திருத்த இடமிருந்தது. வருசத்துக்கு ஒருக்கால் வேலி அடைக்கும்போது இரண்டு பக்கத்தாரும் வெளியே வந்து நிற்பார்கள். 'கொஞ்சம் இங்கால வந்திட்டுது போல கிடக்கு' என்று ஒருவர் சொல்லலாம், மற்றவர் மறுக்கலாம், வாய்த்தர்க்கமும் வரலாம். ஆனாலும் அடுத்த வருசம் அந்தக் கதியாலைப் பிடுங்கி இந்தப் பக்கம் போட்டால் பிரச்சினை முடிந்தது. மதிலுக்கு அப்படியொரு அடுத்த வருசம் இல்லை. கட்டி முடித்தபின் ஆறு அங்குலம் பிழை என்று தெரிந்தால் இடிக்க வேண்டும், இல்லையேல் ஒருவர் மனக்குறையோடு காலம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதோடு மதில் என்பது மண்ணுக்கு மேலே தெரிகிற சுவர் மட்டுமில்லை. ஆறு அங்குலச் சுவருக்கு ஒன்றரை அடி அகலத்தில் அத்திவாரம் போட்டால், சுவரின் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் மண்ணுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரின் வெளிமுகத்தைச் சரியாக எல்லைக்கோட்டில் நிறுத்திவிட்டு 'என்ர காணிக்குள்ளதான் கட்டினான்' என்று சொல்கிறவரின் அத்திவாரம், அயலவர் காணிக்குள் அரை அடி போய்க் கிடக்கிறது. அயலவர் பிற்காலத்தில் தன் பக்கம் வாழைக்கு மடு வெட்டும்போது மண்வெட்டி கொங்கிறீற்றில் முட்டும். அன்றைக்குச் சண்டை தொடங்கும்.

'எங்களிட்டை உறுதி இருக்கு' என்ற பதில் உடனே வரும். உறுதியை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பும் குழியும், அதன்பின் நான்கு எல்லைகள். கிழக்கில் இன்னாருடைய காணி, வடக்கில் ஒழுங்கை, மேற்கில் இன்னாரும் பங்காளரும், தெற்கில் இன்னார். இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்று பழைய உறுதி எதுவும் பொதுவாகச் சொல்வதில்லை. உங்கள் மேற்கு எல்லை எது என்று உறுதியைக் கேட்டால் அது அயலவரின் பெயரைச் சொல்கிறது. அயலவரின் உறுதியில் கிழக்கு எல்லை எது என்று பார்த்தால் உங்கள் அப்பாவின் பெயரோ பாட்டாவின் பெயரோ இருக்கிறது. ஒன்று மற்றதைக் கைகாட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு பரப்பு என்று எழுதியிருப்பதும் இரண்டு பரப்புக்கு உத்தரவாதமில்லை. எழுதிய விஸ்தீரணமும் தெளிவான எல்லைகளும் முரண்பட்டால், எல்லைகளையே பெரிதாக எடுப்பது எங்கள் நீதிமன்றங்களின் பொதுவான போக்கு. காணிப் பதிவகமும் இதற்கு உதவாது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கே பதிவது பத்திரத்தை. அந்தப் பத்திரம் சொல்கிற காணி மண்ணில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவரும் போய்ப் பார்த்துப் பதிவதில்லை. எல்லையை அளந்து உரித்தையே பதிவதற்கு 1998இல் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்து வளவுகளில் பெரும்பாலானவை இன்னும் பழைய உறுதிமுறையில்தான் கிடக்கின்றன.

நில அளவைப் படம் வைத்திருக்கிறவர்கள் இன்னும் உசாராக இருப்பார்கள். பிளான் பொய் சொல்லாது என்பது அவர்கள் கட்சி. பொய் சொல்லாதுதான், ஆனால் தன்னால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவைத்தான் சொல்லும். பழைய படங்களில் பலவும் சங்கிலி போட்டு அளந்தவை. ஒரு சங்கிலி 66 அடி. ஒரு சங்கிலிக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் வரைந்த படத்தில், ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தடிப்புள்ள மைக்கோடு நிலத்தில் எட்டு அங்குலத்தை மூடிவிடும். கோட்டின் தடிப்பே எட்டு அங்குலம் என்றால், அந்தப் படத்தை நீட்டிக்கொண்டு நாலு அங்குலத்துக்கு வழக்குப் பேசுவதில் என்ன பொருள்? இன்றைய கருவிகள் சென்ரிமீற்றர் கணக்கில் அளக்கும் என்பது உண்மை. ஆனால் எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்குவது என்பதைக் கருவி சொல்லாது. பழைய கிணற்றுக் கட்டிலிருந்தா, மூலையில் நிற்கிற எல்லைப் பனையிலிருந்தா, ஒழுங்கை விளிம்பிலிருந்தா? ஒழுங்கையே இரண்டு அடி அகன்றோ ஒடுங்கியோ போயிருந்தால்? அதை மனிதர்தான் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய மனிதர்கள் இரண்டே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

வேலிச் சண்டையை வெளியூர்க்காரர் கேலியாகப் பேசும்போது ஒரு விசயத்தைக் கவனிப்பதில்லை. எங்கள் ஊரில் வேலிக்கு அங்கால் இருக்கிறவர் பெரும்பாலும் அந்நியரில்லை. ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சீதனமாக எழுதிக்கொடுப்பதால், அக்காவின் வேலிதான் தங்கையின் வேலி. அடுத்த தலைமுறையில் அது பெரியம்மா மகனின் வேலி, அதற்கடுத்ததில் 'அவையள் எங்களுக்கு ஒரு வழியில சொந்தம்' என்ற அளவில் நிற்கிறது. பல இடங்களில் பிரித்தே எழுதப்படவில்லை. பிரிபடாத பங்கு என்று உறுதியில் இருக்கும். மண்ணில் மட்டும் யாரோ ஒரு மாமா கயிறு பிடித்து நான்கு கதியால் நட்டிருப்பார். அவர் வாய்ச்சொல்லால் செய்த பாகப்பிரிப்புக்கு அவர் இருக்கும்வரை மரியாதை இருந்தது. ஒரு சிறு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், காணி விற்கும்போது உரித்தாளர், பங்காளர் ஆகியோருடன், அந்தக் காணியை ஈடு பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் முதல் வாய்ப்பு இருந்தது. 1947இன் 59ஆம் இலக்க முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அயலவரை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. சட்டத்தில் அயலவருக்கு இருந்த இடம் சுருங்கினாலும், எல்லை விசயத்தில் அவரை விட்டால் எங்களுக்குக் கதியில்லை.

போர் இதை இன்னும் சிக்கலாக்கியது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தையே விட்டுப் போனவர்களும் திரும்பி வந்து பார்த்தபோது பல இடங்களில் வேலியுமில்லை, வேலியிருந்த அடையாளமுமில்லை. உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் வீடுகள் தரைமட்டம், மரங்கள் இல்லை, பற்றை வளர்ந்து ஒழுங்கையும் வளவும் ஒன்றாய்க் கிடந்தன. அங்கே எல்லை திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது எப்படி? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நின்று, தூர்ந்துபோன கிணற்றையும் வீட்டு அத்திவாரத்தின் மிச்சத்தையும் தேடி, 'இது உங்கட குசினி மூலை, இதிலயிருந்துதான் எங்கட வேலி' என்று ஆளுக்காள் சொல்லித்தான். அங்கே பழைய படங்கள் உதவின. ஆனால் படத்தைப் பொருத்த ஒரு புள்ளியைக் காட்டியது அயலவரின் ஞாபகம். ஒன்றுமே மிஞ்சாத இடத்தில் சேர்ந்து நின்று எல்லை காண முடிந்திருக்கிறது. கதியாலும் கிணறும் அப்படியே நிற்கிற வளவுகளில் முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'முடியாட்டில் கோடு இருக்குத்தானே' என்பீர்கள். நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்றும் பார்ப்போம். உங்கள் காணியை அயலவர் பிடித்துவிட்டார் என்று உரித்து வழக்குப் போட்டால், உங்கள் உரித்தையும் காணியின் அடையாளத்தையும் நிறுவ வேண்டியவர் நீங்கள். அயலவரின் உறுதியில் ஓட்டை இருக்கிறது என்று காட்டுவது போதாது. உங்களுடையது நிற்க வேண்டும். எது உங்கள் துண்டு என்று மண்ணில் திட்டமாகக் காட்ட முடியாவிட்டால், நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும் வழக்குத் தள்ளுபடியாகலாம். இருந்த எல்லை அழிந்துபோனதால் அதை நிர்ணயித்துத் தாருங்கள் என்று தனியாக ஒரு வழக்கும் இருக்கிறது. உரோம டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. அதிலும் சரி, மற்றதிலும் சரி, நீதிமன்றம் செய்கிற முக்கிய வேலை என்ன? ஒரு நில அளவையாளருக்கு ஆணை கொடுத்துக் காணிக்கு அனுப்புகிறது. அவர் வந்து இரண்டு பக்கத்தாரும் காட்டுகிற எல்லைகளை அளந்து, பழைய படத்தைப் புதிய படத்தின் மேல் பொருத்திப் பார்த்து, அறிக்கை கொடுக்கிறார். முதல் நாளே நீங்கள் இருவரும் காசு போட்டுச் செய்திருக்கக்கூடிய அதே வேலை, பல தவணைகளுக்குப் பிறகு, இரண்டு சட்டத்தரணிகளின் கூலியோடு, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளுக்கு நடுவில் நடக்கிறது. காணி வழக்கைத் தகப்பன் தொடங்கி மகன் முடிப்பது எங்கள் ஊருக்குப் புதினமில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் பேசுங்கள், பேசியதை ஒரு சிறு கடிதமாகவும் கொடுங்கள், இன்ன மாதம் மதில் கட்ட யோசிக்கிறோம், அதற்குமுன் சேர்ந்து அளப்போம் என்று. 2002இன் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற ஒருவரை இருவருமாகத் தெரிந்தெடுத்துக் கூலியைச் சரிபாதியாகக் கொடுங்கள். ஒருவர் மட்டும் கூலி கொடுத்தால் அவர் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் 'அவையின்ர ஆள்' என்று பெயர் வந்துவிடும். இரண்டு வீட்டு உறுதிகளையும் பழைய படங்களையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். ஒளித்து வைத்த படம் பிறகு வெளியே வந்தால் எல்லாம் கெட்டுவிடும். அளக்கிற நாளில் இரண்டு பக்கத்திலும் வயதான ஒருவரை நிற்க வையுங்கள். பழைய கதியால் கட்டைகளையும் எல்லைப் பனையையும் தறிக்க முதல் படமெடுத்து வையுங்கள். அவை போனால் சாட்சியும் போச்சு. கோடு தீர்ந்ததும் மூலைகளில் கல் நட்டு, படத்தில் இருவரும் ஒப்பமிட வேண்டும். கோடு பழைய இடத்திலிருந்து மாறி, ஒருவருடைய நிலத்தில் ஒரு துண்டு மற்றவருக்குப் போவதாக இருந்தால் ஒப்பம் மட்டும் போதாது. 1840இன் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணிக் கைமாற்றம் சட்டத்தில் செல்லாது. கிராம சேவையாளர் வந்து பார்த்தார், பொலிசில் சமாதானமாய்ப் போனோம் என்பதெல்லாம் நல்ல விசயங்கள். ஆனால் எல்லையைத் தீர்மானிக்கிற அதிகாரம் கிராம சேவையாளருக்கும் இல்லை, பொலிசுக்கும் இல்லை. பிரதேச சபை மதிலுக்கு அனுமதி தந்தது என்பதும் அந்த மதில் நிற்கிற நிலம் உங்களுடையது என்பதற்குச் சாட்சியாகாது.

அதே ஒப்பந்தத்தில் மற்ற விசயங்களையும் எழுதிவிடுவது நல்லது. கோட்டைவிட இவற்றால்தான் கூடுதலாக மனம் கோணுகிறது. மதில் எல்லைக்கு நடுவிலா, ஒருவர் காணிக்குள் முழுதாகவா? நடுவில் என்றால் செலவும் பாதி, பிற்காலத்தில் உயர்த்துகிற உரிமையும் பொது. கோட்டில் நிற்கிற தென்னை யாருடையது, அதைத் தறிப்பதா விடுவதா? பங்குக் கிணறு இருந்தால், உறுதியில் இருக்கிற வழிவாய்க்கால் உரிமையை மதில் மறிக்கிறதா என்று பார்த்துப் படலைக்கு இடம் விடுங்கள். தண்ணீரை ஒருவரும் யோசிப்பதில்லை. எங்கள் நிலம் தட்டை. ஒக்டோபர் தொடங்கி மூன்று மாதம் பெய்கிற மழை, கிடுகு வேலிக்குக் கீழால் தன்பாட்டில் ஓடிப் போகும். மதில் எழும்பினால் மேட்டுப்பக்க வளவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அடியில் வாய்விட்டுக் கட்டுங்கள். எந்த இடத்தில் எத்தனை வாய் என்பதையும் எழுதுங்கள்.

இனி எதிர்வாதங்கள். 'என்ர காணியில ஒரு அங்குலமும் விடமாட்டன்' என்பது முதலாவது. விடச் சொல்லி இந்த மடலில் எங்கும் நான் சொல்லவில்லை. அளக்கச் சொல்கிறேன். அளந்தால் உங்களுக்குச் சேர வேண்டியது கூடவும் வரலாம். விட்டுக்கொடுப்பது பற்றிய பேச்சு, அளந்த பின்னும் தீராமல் மிஞ்சுகிற அந்தச் சில அங்குலங்களுக்கு மட்டுமே. அதுவும் மேலே சொன்ன காரணத்தால், எந்தப் படமும் எந்த உறுதியும் தீர்க்க முடியாத அங்குலம். அதை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதைத் தோல்வி என்று நினைக்கிறவர், 100 அடிக்கு 3 அங்குலம் என்றால் 25 சதுர அடி, ஒரு குழியில் ஆறில் ஒரு பங்கு என்பதையும், ஒரு தவணைக்குச் சட்டத்தரணிக்குக் கொடுப்பதையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். மானம் என்று சொல்வீர்கள் என்றால் அதற்கு என்னிடம் கணக்கில்லை.

'இப்ப பேசாமல் விட்டால் பத்து வருசத்தில அவையளுக்கே சொந்தமாகிடும்' என்பது அடுத்தது. இது வெறும் பயமில்லை, சட்டத்தில் இருக்கிற விசயம். 1871இன் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பத்து ஆண்டுகள் இடையறாமலும் எதிரிடையாகவும் அனுபவித்தவருக்கு உரித்தைத் தருகிறது. போரால் தங்கள் உரிமையைக் கோர முடியாமற்போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும்படி 2016இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் அதே 3ஆம் பிரிவைக் கவனமாகப் படித்தால் என் வாதத்துக்குத்தான் பலம் கூடுகிறது. அனுபவிக்கிறவர் மற்றவரின் உரிமையை ஏற்றுக்கொண்டதாகக் கருதத்தக்க எதையாவது செய்திருந்தால், அவருடைய அனுபவம் எதிரிடையானதாகாது. 'இந்தக் கோட்டைச் சேர்ந்து அளந்து தீர்ப்போம், அதுவரை வேலி இருந்த இடத்தில் இருக்கட்டும்' என்று இருவரும் ஒப்பமிட்ட ஒரு தாள், பத்து வருசக் கணக்கை அந்த இடத்திலேயே நிறுத்த உதவும். மௌனமாக முறைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. பேசாமல் விட்ட ஒவ்வொரு வருசமும் மற்றவர் கணக்கில் சேர்கிறது.

மூன்றாவது எதிர்வாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். சேர்ந்து தீருங்கள் என்கிற புத்திமதி எப்போதும் பலசாலிக்கே வாய்ப்பாகிறது என்பது அது. தனியே இருக்கிற வயதான அம்மா ஒருவர், எதிர்ப்பக்கத்தில் நாலு ஆண்பிள்ளைகள் உள்ள வீடு. அங்கே 'சமாதானமாய்ப் போங்கோ' என்றால் அம்மாதான் போக வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் அவரைத்தான் அடங்கிப்போகச் சொல்வார்கள். உண்மை. ஆகவேதான் நான் வாய்ச் சமாதானத்தைக் கேட்கவில்லை, அளவையாளரையும் ஒப்பத்தையும் கேட்கிறேன். குரல் உயர்த்த முடியாதவருக்கு எழுத்து உதவுகிற அளவுக்கு வேறொன்றும் உதவாது. கடிதம் கொடுத்தும் மற்றவர் வரவில்லை என்றால், அந்தக் கடிதத்தின் பிரதியோடு 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது என்பது காசில்லாதவருக்குப் பெரிய நிவாரணம். காணிப் பிணக்குகளுக்கென்று தனிச் சபை அமைக்க 2003இன் 21ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. இதற்கிடையில் ஒருவர் இரவோடிரவாக வேலியைப் பிடுங்கி உள்ளே வந்து நட்டுவிட்டால் நாளைக் கடத்தக் கூடாது. 1979இன் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானம் கெடும் நிலை வந்தால் விசயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உரித்து யாருக்கு என்று பார்ப்பதில்லை. அனுபவம் யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். வழக்கு நீதிமன்றத்தில் பதிவாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப இருத்த முடியும். அந்த இரண்டு மாதத்தை, பெரியவர்கள் வந்து பேசுவார்கள், மகன் கனடாவிலிருந்து எடுப்பான் என்று காத்திருந்து இழந்தவர்கள் நிறையப் பேர். சேர்ந்து அளப்பதற்குக் காட்டுகிற பொறுமையை, காணியைப் பறித்தவரிடம் காட்ட வேண்டியதில்லை.

கடைசியாக வெளிநாட்டில் இருக்கிறவர்களோடு இரண்டு வார்த்தை. ஊர் வேலிச் சண்டையில் பாதி வற்சப்பில் நடக்கிறது. வேலிக்குக் கிட்ட நின்று எடுத்த ஒரு படம் வருகிறது, கூடவே ஒரு குரற்பதிவு, அண்ணனோ சித்தியோ அழுகிறார். நீங்கள் ரொறன்ரோவிலிருந்து 'வழக்கைப் போடுங்கோ, காசு நான் அனுப்புறன்' என்கிறீர்கள். அந்தக் காசு இல்லையென்றால் பல வழக்குகள் தொடங்கியே இருக்காது. படத்தில் வேலி தெரிகிறது, எல்லை தெரிவதில்லை. மற்றப் பக்கத்தின் குரல் உங்களுக்கு வருவதேயில்லை. வழக்குக்கு அனுப்ப நினைத்த காசில் அளவையாளருக்கான உங்கள் பாதியை முதலில் அனுப்புங்கள். ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கும்போது, காணியைப் பராமரிக்கவும் வழக்காடவும் மட்டும் எழுதாமல், எல்லையை அளந்து தீர்த்து ஒப்பமிடவும் தெளிவாக அதிகாரம் எழுதுங்கள். அந்த வரி இல்லாததால், இரண்டு வீட்டாருக்கும் சம்மதமிருந்தும் தாளில் ஒப்பம் வைக்க ஆளில்லாமல் நின்றுபோகிற காரியங்கள் உண்டு. எல்லாவற்றிலும் நல்லது நீங்களே வந்து நிற்கிற நாளில் அளப்பது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இரண்டு மாதம் முன்னரே அளவையாளரிடம் நாள் கேட்டு வையுங்கள். அயலவரின் பிள்ளைகளும் அந்தக் கிழமைகளில் வந்து நிற்பார்கள். அளந்த கோட்டில் மதில் எழும்ப மாரிக்கு முதல் இன்னும் சில வாரம் கையில் இருக்கும்.

அன்புடன்,
ஓர் அயலவர்